"நான் புதுசா எதுவும் எழுதுறதில்லை டீச்சர்"

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரம் இல்லாத நேரத்தில் நிதானமாக வாசியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. காபியைக் கொடுத்துவிட்டு, "அங்க என்னப்பா வேலை செய்யுறே?" என்று கேட்டேன். "வெப் அப்ளிகேஷன் டெவலப்பர் டீச்சர்" என்றான். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உண்மையைச் சொன்னா நான் புதுசா எதுவும் எழுதுறதில்லை டீச்சர். எல்லாம் ஃப்ரேம்வொர்க்லயே ரெடியா இருக்கு. எதை எங்க பொருத்தணும்னு நாலு வரி எழுதுவேன். அவ்வளவுதான்" என்றான்.

வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதிவிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளை போல இருந்தது அவன் முகம். எனக்கு மனசு கேட்கவில்லை. "அந்த நாலு வரியைக் காட்டு" என்றேன். மடிக்கணினியைத் திறந்து காட்டினான், பொறுமையாக விளக்கவும் செய்தான். அவன் போன பிறகு ஒரு வாரமாக இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நாலு வரிக்குப் பின்னால் முக்கால் நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அவனுக்காகவும், அவனைப் போல் நினைக்கிற மற்ற பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில், அவன் சொன்னது என்ன என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு இணையதளத்தில் நாம் ஒரு பொத்தானை அழுத்துகிறோம். பட்டியலைக் காட்டு, இந்த ஒன்றை மட்டும் விவரமாகக் காட்டு, படிவத்தை வாங்கிக்கொள், தவறு நடந்தால் பிழைப் பக்கத்தைக் காட்டு. இப்படி ஒவ்வொரு கட்டளைக்கும் அந்தப் பக்கம் செய்கிற வேலைக்கு 'ஆக்‌ஷன்' என்று பெயர். நூறு தளங்களில் நூறு பட்டியல்கள் இருந்தாலும், பட்டியல் காட்டும் வேலை ஒன்றுதான். அதை ஒருவர் ஒரே தடவை நன்றாக எழுதி, இடத்துக்கு இடம் மாறுகிற விஷயங்களுக்கு மட்டும் வெற்றிடம் விட்டுவைக்கிறார். பயன்படுத்துகிறவர் அந்த வெற்றிடத்தை நிரப்புகிறார். நிரப்புகிற வேலைக்குத்தான் கான்ஃபிகரேஷன் என்று பெயர். அமைவு என்று தமிழில் சொல்லலாம்.

நம் பள்ளி மாற்றுச் சான்றிதழை நினைத்துக்கொள்ளுங்கள். படிவத்தை யாரோ ஒருவர் ஒரு காலத்தில் யோசித்து அச்சடித்தார். நாம் பெயர், பிறந்த தேதி, படித்த வகுப்பு மட்டும் எழுதுகிறோம். அதனால் நாம் செய்வது வேலை இல்லை என்று ஆகிவிடுமா? பிறந்த தேதியைத் தப்பாக எழுதினால் அந்தப் பிள்ளை ஆயுசு முழுக்க அலையும்.

இந்த எண்ணம் தொடங்கிய இடம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். அங்கே கணித ஆய்வுக்கூடத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பவர் தலைமையில் எட்சாக் என்ற கணினியைக் கட்டினார்கள். 1949 மே 6 அன்று அது தன் முதல் நிரலை ஓட்டியது. 0 முதல் 99 வரை உள்ள எண்களின் வர்க்கங்களைக் கணக்கிட்டு அச்சடித்துக் கொடுத்தது. அறை நிறைய வால்வுகள். கட்டளைகளைக் காகித நாடாவில் துளை போட்டு உள்ளே அனுப்ப வேண்டும்.

வேலை தொடங்கிய சில நாட்களிலேயே ஒரு உண்மை அவர்களுக்குப் புரிந்தது. நிரல் எழுதினால் தவறு வராமல் இருக்காது. இனி தன் வாழ்நாளில் பெரும்பகுதி, தானே எழுதிய நிரல்களில் தவறு தேடுவதிலேயே போகப்போகிறது என்று ஒரு நாள் மாடிப்படியில் நின்றபோது தனக்கு உறைத்ததாக வில்க்ஸ் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 1 கணினியில் வேலை பார்த்தவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார். அங்கே ஒருவர் எழுதிய பகுதி இன்னொருவருக்குத் தேவைப்பட்டால் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கையால் எடுத்து எழுதிக்கொள்வார்களாம். எழுதும்போது ஒரு எழுத்து மாறும், கணக்கு தப்பாகும். மனிதர்களுக்குப் பிழையில்லாமல் பார்த்து எழுத வராது என்பதை அங்கேதான் கண்டுகொண்டதாக அந்த அம்மா பிற்காலத்தில் சொல்வாராம். கரும்பலகையைப் பார்த்து எழுதும் நாற்பது பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தியவளுக்கு இதை யாரும் நிரூபிக்கத் தேவையில்லை!

கேம்பிரிட்ஜில் இதற்கு வழி கண்டவர் டேவிட் வீலர். அப்போது அவருக்கு 22 வயது, ஆராய்ச்சி மாணவர். அடிக்கடி தேவைப்படுகிற வேலைகளைத் தனித்தனித் துணைநிரல்களாக எழுதி, சோதித்து, நாடாவாக வைத்துவிடலாம். யாருக்குத் தேவையோ அவர் அதைப் பிரதி எடுத்துத் தன் நிரலோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு சிக்கல். துணைநிரல் வேலையை முடித்ததும் எங்கே திரும்பிப் போக வேண்டும்? ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்திலிருந்து அல்லவா அழைக்கிறார்கள்? ஒரு பையனைத் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பும்போது, திரும்பி எந்த வகுப்புக்கு வர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் எப்படியோ, அப்படி ஒரு உபாயம் செய்தார் வீலர். அழைக்கிற நிரல் தான் நிற்கும் இடத்தின் எண்ணைக் கையில் கொடுத்துவிட்டு அனுப்பும். துணைநிரல் அதை வைத்துத் தன் கடைசி வரியைத் தானே எழுதிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அந்த வரி வழியாகச் சரியான இடத்துக்குத் திரும்பிவிடும். இதற்கு இன்றும் 'வீலர் தாவல்' என்றுதான் பெயர்.

என்னை வியக்க வைத்தது அடுத்த விஷயம். வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் சேர்ந்து 1951-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். நிரல் எழுதுவது பற்றி அச்சில் வந்த முதல் பாடநூல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அப்போது அவர்கள் நூலகத்தில் 87 துணைநிரல்கள் இருந்தன. நம் நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போடுவது போல, அச்சடிப்பதற்கு ஒரு எழுத்து, மூலம் காண்பதற்கு ஒரு எழுத்து, திரிகோணமிதிக்கு ஒரு எழுத்து என்று வகைப்படுத்தி, நாடாக்களை இரும்பு அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

அந்தப் புத்தகத்தில் வெற்றிடங்களை இரண்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று, நாடாவை உள்ளே ஏற்றும்போதே ஒரே தடவை நிரப்பிவிடுவது. இன்னொன்று, அழைக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொடுப்பது. என் மாணவன் காட்டிய நாலு வரியிலும் இதே பிரிவினைதான். 'இந்தப் பட்டியலில் பக்கத்துக்கு இருபது பேர்' என்பது முன்பே அமைத்து வைப்பது. 'இப்போது எனக்கு மூன்றாம் பக்கம் வேண்டும்' என்பது பார்ப்பவர் அந்த நேரத்தில் கேட்பது. 1951-ல் காகித நாடாவில் இருந்த அதே பாகுபாடு!

வீலர் 1952-ல் அமெரிக்காவில் நடந்த மாநாடு ஒன்றில் துணைநிரல்கள் பற்றிப் பேசினார். துணைநிரலை எழுதி முடிப்பதோடு வேலை முடிவதில்லை, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவரும் பயன்படுத்தும்படி விளக்கம் எழுதுவதும் ஒரு பெரிய வேலை என்பது அவர் சொன்னதன் சாரம். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதானே? தனக்குத் தெரிவது வேறு, அடுத்தவருக்குப் புரிய வைப்பது வேறு.

இனி நாற்பது ஆண்டுகள் தாண்டி இணையத்துக்கு வருவோம்.

டிம் பெர்னர்ஸ்-லீ சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989-ல் முன்வைத்த திட்டத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய வலை. ஆரம்பத்தில் அது எழுதி வைத்ததைக் காட்டும் வாசிப்புப் பலகை மட்டுமே. 1993-ல் சிஜிஐ என்ற முறை வந்தது. அதன் பிறகு, பார்ப்பவர் கேட்டதற்கு ஏற்ப ஒரு நிரல் ஓடிப் பக்கத்தை உருவாக்கித் தர முடிந்தது. ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிரல். ஒவ்வொன்றிலும் அதே வேலைகள்: படிவத்தைப் படி, உள்ளே வந்தவர் யார் என்று பார், தரவுத்தளத்தைத் திற, பக்கத்தை எழுது. மறுபடியும் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதிய காலத்துக்கே போய்விட்டார்கள்.

இதற்கு முடிவு கட்ட வந்தவைதான் ஃப்ரேம்வொர்க்குகள். கட்டடத்துக்குத் தூணும் உத்தரமும் போல, எல்லாத் தளங்களுக்கும் பொதுவான எலும்புக்கூடு. ஜாவா மொழியில் அப்படிப் புகழ்பெற்றது ஸ்ட்ரட்ஸ். கிரெய்க் மெக்லானஹன் உருவாக்கி 2000-ல் அப்பாச்சி அமைப்புக்குக் கொடுத்தார். 2001-ல் முதல் முழுப் பதிப்பு வந்தது.

ஸ்ட்ரட்ஸில் 'ஆக்‌ஷன்' என்பதே அடிப்படைச் சொல். எந்த முகவரிக்கு எந்த ஆக்‌ஷன், வேலை வெற்றியானால் எந்தப் பக்கம், தோற்றால் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் நிரலுக்குள் எழுதாமல் வெளியே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி வைப்பார்கள். ஒரே ஆக்‌ஷனை இரண்டு முகவரிகளுக்குப் போட்டு, ஆளுக்கொரு குறிப்பு கொடுத்தால், அது இரண்டு விதமாக வேலை செய்யும். நிரலைத் தொடவே வேண்டாம்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஸ்ட்ரட்ஸின் முதல் தலைமுறையில், ஒரு ஆக்‌ஷனுக்கு ஒரே ஒரு பிரதிதான் நினைவகத்தில் இருக்கும். ஒரே நேரத்தில் வருகிற அத்தனை பேருக்கும் அதுவே பதில் சொல்லும். ஒருவருடைய விவரத்தை அந்த ஆக்‌ஷனின் சொந்தப் பையில் போட்டு வைத்தால், அடுத்தவர் கைக்கு அது போய்விடலாம். வகுப்பின் கரும்பலகை எல்லோருக்கும் பொது. அதில் ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை எழுதி வைத்தால் அடுத்து வருகிறவன் பார்க்கத்தானே செய்வான்? பொதுவாகப் பயன்படுகிற பொருள் யாருடைய ரகசியத்தையும் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது.

நாளாக ஆக எக்ஸ்எம்எல் கோப்புகள் பல நூறு வரிகளுக்கு வளர்ந்தன. நிரலைவிட அமைவுக் கோப்பு பெரிதாகிவிட்டது என்று அலுத்துக்கொண்டார்கள். 2004-ல் டேவிட் ஹைனமையர் ஹான்சன் ரெயில்ஸ் என்ற ஃப்ரேம்வொர்க்கை வெளியிட்டார். வழக்கம் என்னவோ அப்படியே நடக்கட்டும், வழக்கத்திலிருந்து மாறினால் மட்டும் எழுதினால் போதும் என்பது அதன் கொள்கை. அரைப்பரீட்சை அட்டவணையில் 'மற்ற நாட்கள் வழக்கம் போல்' என்று எழுதுவோமே, அது மாதிரி.

அதே சமயத்தில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் இன்னொன்று பிறந்தது. ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் இருவரும் அந்தப் பத்திரிகையின் இணையப் பிரிவில் இருந்தார்கள். காலையில் கேட்டால் சாயங்காலம் தயாராக வேண்டும், பத்திரிகை வேலை அப்படி. அவர்கள் 2003-ல் தொடங்கியது 2005 ஜூலையில் ஜாங்கோ என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசமாக வெளியானது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞரின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

செய்தித் தளத்தை உற்றுப் பார்த்தால் திரும்பத் திரும்ப மூன்று வேலைதான்: பட்டியல், ஒரு செய்தியின் விவரம், தேதிவாரித் தொகுப்பு. இவற்றை ஜாங்கோ பொதுக் காட்சிகளாகவே எழுதிக் கொடுத்துவிட்டது. எந்தத் தரவு, எந்தப் பக்க அமைப்பு என்று பெயர் சொன்னால் போதும்.

இங்கே ஒரு அழகான பாடம் உண்டு. முதலில் வந்த பொதுக் காட்சிகளில், முன்பே யோசித்து விட்ட வெற்றிடங்களை மட்டும்தான் நிரப்ப முடியும். கொஞ்சம் வேறு மாதிரி வேண்டும் என்றால் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுத் தானே எழுத வேண்டும். 2011-ல் வந்த 1.3 பதிப்பில் அவற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். வேண்டிய பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், மற்றது அப்படியே இருக்கும். படிவத்தில் வெற்றிடம் குறைவாக இருந்தால் பாதிப் பேருக்கு உதவாது, அதிகமாக இருந்தால் யாராலும் நிரப்ப முடியாது. எவ்வளவு விடுவது என்பதில்தான் படிவம் போடுகிறவரின் அனுபவம் தெரியும்.

என் மாணவன் காட்டியது யீ என்ற ஃப்ரேம்வொர்க். பிஎச்பி மொழிக்கானது. சியாங் ஷ்வே என்பவர் உருவாக்கியது, முதல் பதிப்பு 2008 டிசம்பர். அதில் ஆக்‌ஷன்களுக்கென்றே ஒரு பட்டியல் எழுதலாம். இடது பக்கம் பெயர், வலது பக்கம் எந்த ஆயத்தப் பொருள் என்பது. கோணல் மாணலான எழுத்துகளைக் காட்டி நீ மனிதன்தானா என்று கேட்குமே, அந்த கேப்சாவும் அதில் ஆயத்தமாகவே இருக்கிறது. பின்னணி நிறம் வெள்ளை என்று ஒரு சொல் எழுதினால் வேலை முடிந்தது. 87 நாடாக்கள் அடுக்கியிருந்த இரும்பு அலமாரியின் பேரப்பிள்ளைதான் இந்தப் பட்டியல்.

இதுவரை நல்ல செய்தி. இனி கவலையான பகுதி.

நான் பணியில் இருந்தபோது ஒருமுறை நான்கு பள்ளிகளுக்குப் பொதுவான கணக்கு வினாத்தாளுக்கு நான்தான் ஸ்டென்சில் வெட்டினேன். ஒரு வகுத்தல் கணக்கில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிவிட்டேன். நோட்டில் நடந்திருந்தால் ஒரு பிள்ளையோடு போயிருக்கும். ஸ்டென்சிலில் நடந்ததால் நான்கு பள்ளிப் பிள்ளைகளும் மீதி வராத கணக்கில் மீதி வந்து விழித்தார்கள். பொதுப் பொருளின் தவறும் பொதுவாகிவிடும் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்தது.

2017 மார்ச் 7 அன்று ஸ்ட்ரட்ஸின் இரண்டாம் தலைமுறையில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதை அப்பாச்சி அறிவித்தது. நாம் கோப்பை ஏற்றும்போது, அனுப்புவது எந்த வகை என்று உலாவி ஒரு வரி சொல்லும். அந்த வரி தாறுமாறாக இருந்தால் பிழைச் செய்தி தயாரிக்கிற பகுதி அதைப் படித்துப் பார்க்கும். படிப்பதோடு நிற்காமல், அதற்குள் ஒளித்து வைத்த கட்டளையை நிறைவேற்றியும் விடும்! ஸ்ட்ரட்ஸைப் பயன்படுத்தியவர்கள் தங்கள் ஆக்‌ஷன்களை எவ்வளவு கவனமாக அமைத்திருந்தாலும் பயனில்லை. ஓட்டை ஸ்டென்சிலிலேயே இருந்தது.

திருத்தமும் அன்றே வெளியிடப்பட்டது. ஆனால் அதை எடுத்துப் பொருத்த வேண்டியது பயன்படுத்துகிறவர் பொறுப்பு. அமெரிக்காவில் மக்களின் கடன் வரலாற்றைச் சேர்த்து வைக்கும் ஈக்விஃபேக்ஸ் நிறுவனம், புகார் வாங்கும் தளத்தில் ஸ்ட்ரட்ஸ் வைத்திருந்தது. திருத்தம் போடச் சொல்லி மார்ச் 9 அன்றே உள்ளுக்குள் மின்னஞ்சல் போயிற்று. அந்தத் தளத்தில் மட்டும் யாரும் போடவில்லை. மே மாதம் திருடர்கள் உள்ளே நுழைந்தார்கள். போக்குவரத்தைக் கண்காணிக்கும் கருவியின் சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்தது. அதனால் ஜூலை கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. ஏறக்குறைய 14 கோடியே 70 லட்சம் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் போன்றவை போயின. 2019-ல் அந்த நிறுவனம் குறைந்தது 57 கோடியே 50 லட்சம் டாலர் தருவதாக உடன்பாட்டுக்கு வந்தது.

அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்து, இது தடுத்திருக்கக் கூடியதே என்று அறிக்கை தந்தது. எந்த இடத்தில் எந்த மென்பொருள் ஓடுகிறது என்ற முழுப் பட்டியல் அந்த நிறுவனத்திடம் இல்லை என்பதும் அந்த அறிக்கையில் வருகிறது. கேம்பிரிட்ஜ்காரர்கள் 87 நாடாக்களுக்கு எழுத்தும் எண்ணும் போட்டு வைத்திருந்தார்கள். இத்தனை கோடிப் பேரின் விவரம் வைத்திருந்தவர்களிடம் பட்டியல் இல்லை.

ஆக, தம்பி, உன் நாலு வரியைப் பற்றி நான் சொல்ல வந்தது இதுதான். பிறர் எழுதியதை எடுத்துப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கணினிக்காரர்கள் முதல் ஆண்டிலிருந்தே அதைத்தான் செய்திருக்கிறார்கள். சோதித்துப் பார்த்த ஒன்று கையில் இருக்கும்போது அதையே புதிதாக எழுதுவதுதான் தவறுக்கு வழி. ஆனால் எடுத்த பிறகு அது உன் பொருள். அது என்ன செய்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். வெற்றிடத்தில் நீ எழுதியது சரியா என்று பார்க்க வேண்டும். அதில் ஓட்டை என்று செய்தி வந்தால், அதே வாரம் மாற்ற ஒரு ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் நீயாக இருந்தால் நல்லது.

நேற்று இதை அவனுக்கு அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நீங்க எடுத்துப் பயன்படுத்துற பொருளுக்கெல்லாம் ஒரு பட்டியல் வச்சிருக்கீங்களாப்பா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னான்: "முழுசா இல்லை டீச்சர். திங்கக்கிழமை போனதும் முதல் வேலையா எழுதிடுறேன்."

வகுப்பில் வீட்டுப்பாடம் கொடுத்தால் சொல்கிற அதே குரல். ஆனால் இவன் செய்துவிடுவான், எனக்குத் தெரியும்.

இத்துறையில் இருக்கும் நண்பர்கள், நான் புரிந்துகொண்டதில் பிழை இருந்தால் கருத்துப் பகுதியில் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலும் 'நான் நாலு வரிதான் எழுதுறேன்' என்று சொல்கிற பிள்ளை இருந்தால், இதை வாசிக்கச் சொல்லுங்கள்.